கிடையில் நிற்கும் மாடுகளை எப்படிப் பார்த்து வருவது?

கேள்வி: கோவையிலிருந்து ஒரு பேரன்

அனைவருக்கும் வணக்கம். என் தாத்தா சென்ற ஆண்டு காலமான பிறகு அவருடைய 23 புலிக்குளம் இன மாடுகள் என் பொறுப்புக்கு வந்தன. நான் கோயம்புத்தூரில் ஒரு நூற்பாலையில் வேலை பார்க்கிறேன். மாடுகளோ சிவகங்கை மாவட்டத்தில், ஏறத்தாழ 200 உருப்படிகள் கொண்ட, ஊர் ஊராக நகரும் ஒரு பெரிய மந்தையோடு, அதாவது கிடையோடு, சேர்ந்து மேய்கின்றன. தை, மாசியில் நெல் அறுவடை முடிந்ததும் கிடை புறப்படும். மானாமதுரை, திருப்புவனம், மேலூர்ப் பக்கத்து வயல்களில் இரவுதோறும் எருவுக்காக அமர்ந்து, பகலில் கண்மாய் உள்வாயிலும் தரிசிலும் மேய்ந்து, மழைக்கால உழவு தொடங்கும்போது ஊர்ப்பக்கம் திரும்பும். கயிறு கிடையாது, கொட்டில் கிடையாது, மூக்கணாங்கயிறும் கிடையாது. கிடையை நடத்தும் கீதாரியை நான் மாமா என்றுதான் அழைப்பேன். தாத்தாவோடு நாற்பது ஆண்டுகள் பழகியவர், அவர் மீது எனக்கு எள்ளளவும் ஐயமில்லை.

என் குறையெல்லாம் என்னைப் பற்றியதுதான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாடுகளைப் பார்க்கப் போகிறேன். ஆனால் போய் வந்த பிறகு நான் எதைப் பார்த்தேன் என்று என்னால் சொல்ல முடிவதில்லை. பேருந்து பிடித்துப் போய்ச் சேரும்போது உச்சி வெயில் ஆகிவிடுகிறது. மாடுகள் சீமைக்கருவேலங்காட்டுக்குள் நாலாபக்கமும் சிதறி நிற்கின்றன. முதலில் எண்ணினால் 17 வருகிறது, மறுபடி எண்ணினால் 21 வருகிறது, ஒருமுறை 24 வந்தது. மாமா எல்லாம் நன்றாக இருக்கின்றன என்கிறார். நானும் ஒரு குவளை மோரைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன்.

கடந்த வைகாசியில் ஒரு செவலைப் பசு இறந்துபோயிற்று. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் நான் போயிருந்தேன். அன்று அந்தப் பசு கூட்டத்தை விட்டு விலகி ஒரு மரத்தடியில் தனியாக நின்றதைக் கண்ணால் கண்டேன். நிழலுக்கு ஒதுங்கியிருக்கிறது என்று நினைத்துக் கடந்து வந்துவிட்டேன். காப்பீடு இருந்தது, ஆனால் அதன் காதில் மாட்டியிருந்த எண் பொறித்த அடையாள வில்லை எப்போதோ விழுந்திருந்ததால் அந்த நிறுவனம் தொகையைத் தர மறுத்துவிட்டது. பணத்தை விட, கண்முன் நின்ற நோயைப் பார்க்கத் தெரியாமல் போனதுதான் என்னை உறுத்துகிறது.

கிடை மாடுகளை எந்த நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும், எங்கே நின்று பார்க்க வேண்டும், எண்ணுவதற்கு என்ன வழி, எந்த அறிகுறியைக் கண்டால் கவலைப்பட வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. வேவு பார்க்க வந்திருக்கிறேன் என்று மாமா வருந்தாதபடி இதையெல்லாம் எப்படிச் செய்வது?

பதில் 1: கீதாரி மகன்

தம்பி, நீங்கள் வருத்தப்பட்டு எழுதியிருப்பது புரிகிறது. என் அப்பா 35 ஆண்டு கிடை நடத்தியவர். நானும் பள்ளி விடுமுறை எல்லாம் கிடையிலேயே கழித்தவன். முதலில் நேரத்தை மாற்றுங்கள். நண்பகலில் போய் மாடு பார்ப்பது, கடை அடைத்த பிறகு சந்தைக்குப் போவதைப் போன்றது. முந்தைய நாள் மாலையே போய்ச் சேர்ந்து, கிடை அமர்வதைப் பார்த்து, அங்கேயே படுத்து, விடியற்காலையில் கிடை எழும்புவதைப் பார்த்துவிட்டு வாருங்கள். ஓர் இரவு தங்கினால் போதும். ஆறு பகல் வருகையில் தெரியாதது அதில் தெரியும்.

இரவில் வேலியில்லாத வயலில்தான் படுக்கிறது என்றாலும், மாடு கண்ட இடத்தில் படுப்பதில்லை. தாய்க்குப் பக்கத்தில் முன் ஈற்றில் பிறந்த மகள், அதற்குப் பக்கத்தில் அதன் கன்று என்று ஒவ்வொரு வகையறாவும் ஒன்றாகவே படுக்கும். வயல் மாறினாலும் யாருக்குப் பக்கத்தில் யார் என்பது பெரும்பாலும் மாறுவதில்லை. அதனால்தான் இருட்டில் ஒரு சுற்று நடந்து வந்தே ஒரு மாடு குறைகிறது என்று கீதாரியால் சொல்ல முடிகிறது. அவர் எண்ணுவதில்லை, ஆளைத் தேடுகிறார். திருமண வீட்டில் சொந்தக்காரர்களை நாம் எண்ணியா பார்க்கிறோம்? பெரியப்பா வீட்டில் எல்லாரும் வந்திருக்கிறார்கள், சின்ன அத்தையை மட்டும் காணவில்லை என்று பார்த்தவுடன் தெரிகிறதல்லவா, அப்படித்தான்.

ஆகவே 23 என்ற எண்ணை மறந்துவிட்டு, உங்கள் மாடுகளைக் குடும்பம் குடும்பமாக எழுதிக்கொள்ளுங்கள். 23 மாடுகள் என்றால் ஐந்து அல்லது ஆறு தாய்வழிதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் நிறம், கொம்பு, காது வெட்டு, சூட்டுக்குறி, நெற்றிச்சுட்டி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். மயிலை (சாம்பல்), செவலை (சிவப்பு), காரி (கருப்பு) என்ற நிறப்பெயர் மட்டும் போதாது, ஏனென்றால் புலிக்குளத்தில் பாதிக்கு மேல் மயிலையாகத்தான் நிற்கும். கூடுகொம்பா, விரிகொம்பா, ஒரு கொம்பு நுனி ஒடிந்ததா என்பதுதான் தொலைவிலிருந்து உங்களுக்குக் கைகொடுக்கும். இந்தப் பட்டியலை நீங்களாக எழுதாதீர்கள். மாமா சொல்லச் சொல்ல எழுதுங்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கும் இதுவே விடை. ஒவ்வொரு மாட்டின் தாயையும் பாட்டியையும் உங்கள் தாத்தா எங்கே வாங்கினார் என்பதிலிருந்து அவர் சொல்லத் தொடங்குவார். தனக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதிக்கொள்ள ஒரு பேரன் வந்து உட்கார்ந்தால் எந்தக் கீதாரியும் அதை வேவு என்று நினைக்க மாட்டார்.

எண்ணித்தான் ஆக வேண்டும் என்றால் காலையில் கிடை மேய்ச்சலுக்குப் புறப்பட்டு ஒரு வரப்பையோ மடைப் பாதையையோ கடக்கும் இடத்தில் ஒதுங்கி நில்லுங்கள். அந்தக் குறுகலான இடத்தில் மாடுகள் இரண்டும் மூன்றுமாகத்தான் போகும். உங்கள் மாடு போகப் போகப் பட்டியலில் கோடிட்டுக்கொண்டே வாருங்கள். எவை முன்னால் போகின்றன, எவை கடைசியில் வருகின்றன என்பதையும் கவனியுங்கள். எப்போதும் நடுவில் போகும் மாடு திடீரென்று கடைசியில் நடந்தால், அன்று மாலை அதை அருகில் போய்ப் பார்க்க வேண்டும் என்று பொருள்.

கன்று ஈனும் பருவத்தில் ஒரு பசு குறைந்தால் உடனே பதற வேண்டாம், ஆனால் தேடாமலும் இருக்க வேண்டாம். ஒருமுறை எங்கள் கிடையில் நிறைசினையாக இருந்த ஒரு காரிப்பசு மாலையில் வயிறு ஒட்டி, மடி கனத்து, தனியாகத் திரும்பி வந்தது. கன்றைக் காணோம். நானும் என் அண்ணனும் விளக்கை எடுத்துக்கொண்டு தேடக் கிளம்பினோம், அப்பா தடுத்துவிட்டார். மனிதர் தேடுவதைக் கண்டால் தாய் அந்தப் பக்கமே போகாது என்றார். அந்த இரவு முழுவதும் அவர் உறங்கவில்லை, பசுவையே பார்த்துக்கொண்டிருந்தார். நள்ளிரவுக்கு மேல் அது மெல்ல எழுந்து நடந்தது. நாங்கள் வெகுதொலைவில் பின்தொடர்ந்தோம். கண்மாய்க்குள் போய், ஏதும் அறியாததுபோல் அரைமணி நேரம் புல் கடித்துக்கொண்டிருந்தது. ஒரே ஒருமுறை தலையைத் தூக்கி ஒரு முள்புதரைப் பார்த்து மிக மெதுவாகக் குரல் கொடுத்தது. அந்தப் புதருக்குள் கன்று தரையோடு தரையாக, காதை மடக்கி, கழுத்தை நீட்டிப் படுத்திருந்தது. இரண்டடி தொலைவில் நின்றும் என் கண்ணுக்கு முதலில் தெரியவில்லை. மூச்சு விடுகிற அசைவு மட்டும்தான் அதைக் காட்டிக் கொடுத்தது. பிறந்த சில நாள் வரை கன்றை ஒளித்துவைப்பது மாட்டின் இயல்பு. ஆனால் தெருநாய்கள் பெருகிவிட்ட இந்தக் காலத்தில் அந்தச் சில நாள்தான் பேராபத்து. ஆகவே நிறைசினை மாடுகள் எவை, எந்த மாதத்தில் ஈனும் என்பதும் உங்கள் பட்டியலில் இருக்கட்டும்.

பதில் 2: ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், மதுரை

மேலே எழுதியிருப்பவர் சொன்னதில் நான் மாற்ற வேண்டியது எதுவும் இல்லை. விடியற்காலையில் பார்க்க வேண்டும் என்பதற்கு மருத்துவக் காரணமும் உண்டு என்பதை மட்டும் சேர்க்கிறேன். வெயிலில் எல்லா மாட்டுக்கும் மூச்சு வாங்கும், எல்லாமே நிழல் தேடும், எல்லாமே தலை தாழ்த்தி நிற்கும். நோயுற்ற மாடும் நலமான மாடும் அப்போது ஒன்றுபோலத் தோன்றும். விடியலின் குளிரில் அப்படியன்று. படுத்திருக்கும் மாட்டின் விலாவைப் பார்த்துக் கைக்கடிகாரத்தோடு ஒரு நிமிடம் எண்ணினால் மூச்சு 30-க்குள் இருக்க வேண்டும். அந்தக் குளிர்ந்த நேரத்தில் 40, 50 என்று போகிறது என்றால் காய்ச்சலோ நுரையீரல் கோளாறோ இருக்கக்கூடும்.

கிடை எழும்புவதற்கு அரைமணி முன்பு, மாடுகளைக் கலைக்காமல் இருபது, முப்பது அடி தள்ளி நின்று பாருங்கள். படுத்திருப்பவற்றில் பாதிக்கு மேல் அசை போட்டுக்கொண்டிருக்க வேண்டும். நல்ல மாடு ஒரு நாளில் ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை அசை போடும். ஒரு கவளத்தை மேலே கொண்டுவந்து ஐம்பது, அறுபது முறை மென்று விழுங்கி, சில நொடி நிறுத்தி, அடுத்த கவளம் தொண்டையில் ஏறுவதைக் கண்ணாலேயே காணலாம். அசை போடாமல் எங்கோ வெறித்துப் பார்க்கும் மாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அது எழும் விதத்தைப் பாருங்கள். நலமான மாடு பின்னங்கால்களை முதலில் தூக்கி எழுந்து, முதுகை நெளித்துச் சோம்பல் முறித்து, சாணி போட்டு, சிறுநீர் கழித்துவிட்டு நடக்கத் தொடங்கும். சோம்பல் முறிக்காமல் முதுகைக் கூனிக்கொண்டு நிற்கும் மாட்டுக்கு வயிற்றிலோ மார்பிலோ எங்கோ வலி இருக்கிறது. பணியில் இருந்த காலத்தில் எத்தனையோ மாடுகளின் நோயை, தொட்டுப் பார்ப்பதற்கு முன்பே, அவை எழுந்து நின்ற அந்த முதல் நிமிடம் எனக்குச் சொல்லியிருக்கிறது.

உங்கள் செவலைப் பசுவைப் பற்றி. மந்தை விலங்கு தன் நோயை மறைக்கவே முயலும்; தளர்ந்தது தெரிந்தால் வேட்டை விலங்குக்கு இரையாகிவிடும் என்ற பழைய அச்சம் அதன் உடலில் இன்னும் இருக்கிறது. அப்படிப்பட்ட மாடு கூட்டத்தை விட்டு விலகி நிற்கிறது என்றால் ஒன்று அது ஈனப் போகிறது, அல்லது கூட்டத்தோடு நடக்க அதனால் முடியவில்லை. மூன்றாவது காரணம் மிக அரிது. தனித்து நிற்கும் மாட்டை நிழலுக்கு ஒதுங்கியது என்று ஒருபோதும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நிழலுக்கு ஒதுங்கும் மாடுகள் சேர்ந்துதான் ஒதுங்கும். இது கால்நடையோடு வளராத யாருக்கும் தெரியாத செய்தி, ஆகவே உங்களை நீங்களே கடிந்துகொள்ள வேண்டாம்.

அருகில் போகும்போது பின்புறமாகப் போகக்கூடாது. மாட்டுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறத்தாழ முழுச் சுற்றும் தெரியும். நேர் பின்னால் தெரியாது. தோள்பக்கமாக, சற்றுச் சரிவாக, ஏதேனும் பேசிக்கொண்டே போங்கள். குடை விரிக்காதீர்கள், நாயை அழைத்துப் போகாதீர்கள். புலிக்குளம் ஜல்லிக்கட்டுக்குப் பெயர்பெற்ற இனம். பழகாத ஆளைக் கண்டால் காளை மட்டுமன்று, கன்றோடு நிற்கும் பசுவும் முட்ட வரும். ஆகவே கீதாரி பக்கத்தில் இல்லாமல் கூட்டத்துக்குள் நுழைய வேண்டாம்.

இடப்புறம் கடைசி விலாவுக்குப் பின்னால் உள்ள பசிக்குழி, காலையில் சற்றுக் குழிந்தும் மாலையில் நிரம்பியும் இருக்க வேண்டும். மாலையிலும் குழிந்தே இருந்தால் அன்று அது மேயவில்லை. மாறாக, முரசுபோல் உப்பிக்கொண்டு வெளியே தள்ளினால் வயிற்று உப்புசம். உளுந்து, பயறு அறுத்த வயலில் காலைப் பனியோடு மேயவிட்டால் இது வரும். சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கும். இந்தப் பருவத்தில் இன்னொரு பெரிய ஆபத்து, அறுத்த சோளக்காட்டில் கோடை மழைக்குத் துளிர்க்கும் இளம் பயிர். பசுமையாக, இனிப்பாக இருக்கும் அந்தத் துளிரில் சயனைடு நச்சு மிகுதி. மேய்ந்த மாடு சில நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் விழுந்துவிடும். இதற்கு மாற்று மருந்து உண்டு, ஆனால் மருத்துவர் வந்து நரம்பில் ஏற்ற வேண்டும். அதற்குள் காலம் கடந்துவிடுவதே வழக்கம். எந்தக் காட்டில் சோளத்துளிர் நிற்கிறது என்பது கீதாரிக்குத் தெரியும், நிலத்துக்காரருக்குத் தெரியும். கிடை புதிய ஊருக்கு நகரும் நாளில் அதை ஒரு வார்த்தை விசாரித்துக்கொண்டால் போதும்.

தொற்றுநோய்களில் மூன்றை மட்டும் சொல்கிறேன். வாயில் எச்சில் நூலாக ஒழுகி, குளம்பிடுக்கில் புண்ணோடு நொண்டினால் கோமாரி. தோலெங்கும் உருண்டை உருண்டையாகக் கழலை தோன்றினால் தோல்கழலை நோய். இந்த நோய் இந்தியாவுக்குள் 2019-இல்தான் வந்தது. 2022-இல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் பெருமளவில் மாடுகளை மாய்த்தது. மழை தொடங்கியதும் நன்கு கொழுத்த இளம் மாடு தொடை வீங்கி, அழுத்தினால் நறநறவென்று ஒலித்தால் சப்பை நோய். கோமாரிக்கு நான்கு மாத வயதுக்கு மேல் எல்லா மாட்டுக்கும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தடுப்பூசி உண்டு. கிடேரிக் கன்றுகளுக்கு நான்கு முதல் எட்டு மாத வயதுக்குள் கருச்சிதைவு நோய்க்கு ஒரே ஒரு ஊசி போட வேண்டும். இந்த வயது கடந்துவிட்டால் போடக்கூடாது. கிடை ஊர் ஊராக நகர்வதால் முகாம் நடக்கும் நாளில் அது வேறு ஊரில் இருந்துவிடுகிறது. வாடிக்கையாக விட்டுப்போவது இங்கேதான், கோவையில் இருக்கும் நீங்கள் உண்மையாகவே உதவக்கூடியதும் இதில்தான். கிடை அடுத்த வாரம் எந்த ஊரில் அமரும் என்று மாமாவிடம் தொலைபேசியில் கேட்டு, அந்த ஊர் கால்நடை மருந்தகத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் நடமாடும் மருத்துவ ஊர்தியை அழைக்கலாம் என்பதையும் கிடையில் உள்ள எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

காது வில்லை விழுந்தால் புதியது போட்டு, பன்னிரண்டு இலக்க எண்ணை உடனே காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். முள்காட்டில் மேயும் மாட்டுக்கு வில்லை கிழிந்து விழுவது இயல்பு. ஆகவே ஒவ்வொரு முறை போகும்போதும் காதைப் பார்த்து எண்ணைக் குறித்து, மாட்டின் இரு பக்கத்தையும் முகத்தையும் படம் எடுத்து வாருங்கள்.

கடைசியாக ஒன்று. முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று இறந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசிந்தால் அந்த உடலைத் தொடவோ, தோலுரிக்கவோ, அறுக்கவோ கூடாது. அது அடைப்பானாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். மருத்துவரை அழைத்துவிட்டு நாய்கள் நெருங்காமல் காத்து நிற்பது ஒன்றே அப்போது செய்யத்தக்கது.

பதில் 3: பர்கூர் மலைப் பட்டிக்காரர்

நான் ஈரோடு மாவட்டத்து அந்தியூர் மலையிலிருந்து எழுதுகிறேன். எங்களுடையது செம்மறை, அதாவது சிவப்பில் வெள்ளைத் திட்டுள்ள பர்கூர் மாடு. காட்டில் பட்டி அமைத்து வளர்ப்பது எங்கள் வழக்கம். காலையில் திறந்துவிட்டால் மாடுகள் தாமாக மேய்ந்து மாலையில் தாமாகவே பட்டிக்குத் திரும்பும். உங்களுக்காவது மாடு கண்மாய்க்குள் தெரிகிறது, எங்களுக்குப் பகலில் மணியோசை மட்டும்தான் தெரியும். ஆகவே நாங்கள் பாதி வேலையைக் காதால் செய்கிறோம். மேயும் மாட்டின் மணி விட்டுவிட்டு ஒலிக்கும், நடக்கும் மாட்டின் மணி சீராக ஒலிக்கும், வெருண்ட மாட்டின் மணி இடைவிடாமல் அடிக்கும். நீண்ட நேரம் ஒலியே இல்லாத மணியைத்தான் தேடிப் போக வேண்டும்.

எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு, அது உங்களுக்கும் உதவும். பட்டிக்குத் திரும்பும் நேரத்தில் கையில் கல்லுப்பை வைத்துக்கொண்டு ஒரே மாதிரி குரல் கொடுப்போம். உப்புக்காக மாடுகள் ஒவ்வொன்றாக நெருங்கி வரும். அப்போது கண், மூக்கு, காதின் உட்புறம், வாலடி, மடி எல்லாவற்றையும் கைக்கெட்டும் தொலைவில் பார்த்துவிடலாம். காதின் உட்புறத்திலும் வாலடியிலும்தான் உண்ணி கூடு கட்டியதுபோல் அப்பியிருக்கும். உப்புக்குக்கூட வராத மாடு உடம்பு சரியில்லாத மாடு. நீங்கள் போகும்போதெல்லாம் ஒரு பொட்டலம் கல்லுப்பு கொண்டு போய், மாமா கையால் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். நான்கைந்து முறைக்குப் பிறகு உங்கள் கையிலும் வாங்கும்.

கழுத்தில் மாட்டும் ஜிபிஎஸ் கருவியை வாங்கலாமே என்று யாரேனும் சொல்லக்கூடும். எங்கள் மலையில் இரண்டு பேர் முயன்று பார்த்தார்கள். மாடு எங்கே நிற்கிறது என்பதை அது சொல்லும். எப்படி நிற்கிறது என்பதைச் சொல்லாது. காணாமல் போன மாட்டைத் தேடப் பயன்படும், அவ்வளவுதான் என்பது என் கருத்து. உங்கள் செவலை மரத்தடியில் நின்றபோது உங்களிடம் அந்தக் கருவி இருந்திருந்தால், மரத்தடியில் நிற்கிறது என்றுதான் அதுவும் காட்டியிருக்கும்.

மருத்துவர் ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அடிபட்ட மாட்டுக்கு வலி மருந்து போடும்போது டைக்ளோஃபினாக் போடச் சொல்லாதீர்கள். கால்நடைகளுக்கு அதை 2006-லேயே தடை செய்துவிட்டார்கள். அந்த மருந்து ஏறிய மாடு இறந்து, அதைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. மெலாக்சிகாம் போடலாம், அது பிணந்தின்னிக் கழுகுக்குத் தீங்கு செய்யாது. எங்கள் மலைக்குப் பக்கத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் சில கழுகுகள் இருக்கின்றன என்பதால் இதை நாங்கள் கவனமாகப் பார்க்கிறோம்.

கேள்வி கேட்டவர்: போய் வந்த பிறகு

மூவருக்கும் என் நன்றி. மருத்துவர் ஐயாவும் பட்டிக்கார அண்ணனும் இவ்வளவு நேரம் ஒதுக்கி எழுதியதை நான் எதிர்பார்க்கவில்லை. ஆனி கடைசி வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டுப் போய், சனிக்கிழமை இரவும் தங்கிவிட்டு இன்றுதான் திரும்பினேன். கிடை இப்போது திருப்புவனத்துக்குக் கிழக்கே ஒரு வயலில் அமர்ந்திருக்கிறது.

முதல் இரவு மாமாவிடம் நோட்டுப் புத்தகத்தைக் காட்டி, எனக்கு எதுவும் தெரியவில்லை, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்று கேட்டேன். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, விளக்குகூட ஏற்றாமல், 22 மாட்டையும் ஆறு தாய்வழியாகச் சொல்லிக்கொண்டே போனார். எந்தக் கிடேரி எந்த ஆண்டு வெள்ளத்தில் பிறந்தது, எந்தக் காளைக்கன்றைத் தாத்தா விற்க மனமில்லாமல் வைத்திருந்தார் என்றெல்லாம் அதில் வந்தது. இறந்துபோன செவலையின் பேச்சு வந்தபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, தானும் மூன்று நாள் தாமதமாகத்தான் கவனித்ததாகச் சொன்னார். அந்த வாரம் அவருடைய பேத்திக்குக் காய்ச்சல் கண்டு ஊருக்குப் போயிருந்தாராம். இதை அவர் என்னிடம் முன்பே சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விடியலில் கிடை எழும்பியதை நின்று பார்த்தேன். நீங்கள் எழுதியிருந்தபடியே, எழுந்து முதுகை நெளிக்கும் மாடுகளுக்கு நடுவே, ஒரு மயிலைக் கிடேரி மட்டும் நெளிக்காமல் முன்னங்காலை ஊன்றத் தயங்கி நின்றது. மாமாவிடம் மெதுவாகக் காட்டினேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, முந்தைய நாளே தெரியும், வெளிச்சம் வரட்டும் என்றிருந்தேன் என்றார். மூவர் சேர்ந்து அதைச் சாய்த்துப் பிடித்தார்கள். குளம்பிடுக்கில் அரை விரல் நீளச் சீமைக்கருவேல முள் ஒடிந்து நின்றது. பிடுங்கியதும் சீழோடு கொஞ்சம் இரத்தம் வந்தது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்தார்கள். நான் மருந்தகத்துக்குச் சொல்லி ஊசியும் போட வைத்தேன். இன்று காலை அது கூட்டத்தின் நடுவில் நடந்து போனதை மடையருகே நின்று பார்த்தேன்.

அந்த மடையில் நின்றுதான் எண்ணினேன், இல்லை, ஆளைத் தேடினேன். 22 உருப்படிக்கும் பட்டியலில் கோடு விழுந்தது. ஏழு மாடுகளின் காதில் வில்லை இல்லை. இரண்டு கிடேரிக் கன்றுகள் ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டன. கருச்சிதைவு நோய்க்கான ஊசி இன்னும் போடவில்லை. கிடை வரும் புதன்கிழமை வேறு ஊருக்கு நகர்கிறது என்பதால் அந்த ஊர் மருந்தகத்தில் தொலைபேசியில் சொல்லி, வியாழக்கிழமை காலை ஆறரை மணிக்கு, மாடுகள் மேய்ச்சலுக்குக் கலைவதற்கு முன்பே வருவதாக ஒப்புதல் வாங்கியிருக்கிறேன். அன்று நான் விடுப்பு எடுத்துப் போகிறேன். இரண்டு கிலோ கல்லுப்பு வாங்கிப் பையில் வைத்திருக்கிறேன். வில்லை போடும்போது ஏழையும் அடையாளம் காட்டுவது உன் வேலை என்று மாமா சொல்லியிருக்கிறார்.